நாலு பேருக்கு ஒரு சூப்

கேட்க வந்தவருக்கு வயது அறுபத்தாறு. சொல்ல வேண்டியவளுக்கு நாற்பத்திரண்டு. அதனால் அவர் வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க மாஸ்டர்," என்றாள் இசபெல்.

அவர் பெயர் கஸ்பார். தூத்துக்குடியில் அந்தப் பெயரைச் சொன்னால் அடுத்த தெருவுக்கே தெரியாது. அசன மாஸ்டர் என்று சொன்னால் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். கோயில் திருவிழா முடிந்ததும் ஊரே கூடி உட்கார்ந்து சாப்பிடும் பொதுப் பந்திதான் அசனம். முப்பத்திரண்டு வருடம் அதற்குச் சமைத்தவர் அவர். ஐயாயிரம் பேர். ஒரு வருடமும் பற்றாமல் போனதில்லை.

இசபெல் ஜெனோவாவில் ஒரு வீட்டில் பன்னிரண்டு வருடம் சமைத்தவள். திரும்பி வந்து மூன்று வருடம் ஆகிறது. இத்தாலிக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் அவளிடம் ஒரு மாதம் கற்றுக்கொண்டு போவார்கள். தெருவில் அவளை டீச்சர் என்றார்கள். அதிகம் பேசமாட்டாள். கேள்வி கேட்டால் எழுந்து போய் எதையாவது செய்வாள். அதுதான் பதில் என்றார்கள் கற்றுக்கொண்டவர்கள். திமிர் என்றார்கள் மற்றவர்கள்.

"ஒரு சூப்பு கத்துக்கணும் டீச்சர். மாட்டுக்கறியும் பாஸ்தாவும் போட்டு வைப்பாங்களாமே."

"யாருக்கு?"

"நாலு பேருக்கு."

"யாருக்குன்னு கேட்டேன்."

மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நான். எம் பொஞ்சாதி ரெஜினாள். மகன் இன்னாசி. அவன் பொஞ்சாதி. அவ இத்தாலிக்காரி."

"மகன் உங்ககிட்ட பேசுறதில்லைன்னு கேள்விப்பட்டேன்."

"ஆறு வருசம் ஆச்சு."

தெருவுக்கே தெரிந்த கதை. இன்னாசியின் கல்யாணத்தை ஜெனோவாவில் வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு டிக்கெட் அனுப்பியிருந்தான். கல்யாண நாளும் அசன நாளும் ஒன்றாகிவிட்டது. "அசனம் வருசத்துக்கு ஒரு தடவைதான் வருதுல" என்றார் அப்பா. "எனக்குக் கல்யாணம் ஆயுசுக்கு ஒரு தடவைப்பா" என்றான் மகன். இவர் போகவில்லை. ஐயாயிரம் பேர் சாப்பிட்டார்கள். அதன்பிறகு அவன் அம்மாவிடம் மட்டும்தான் போனில் பேசினான்.

"இந்த ஞாயித்துக்கிழமை வாரான்," என்றார் மாஸ்டர். "ஒரு மணிக்கு வருவாங்களாம். நாலு மணிக்குக் கிளம்பிருவாங்களாம். ஓட்டல்ல ரூம் போட்டிருக்கான். அப்பன் வீடு இருக்கு, ஓட்டல்ல ரூம்! அவன் அம்மைகிட்ட சொன்னது இவ்வளவுதான். எனக்கு மூணு மணி நேரம் இருக்கு டீச்சர். அவன் இன்னொரு கரண்டி கேக்கணும். நாலு மணிக்கு எந்திரிக்கக் கூடாது."

"நாளைக்குக் காலையில வாங்க," என்றாள்.

அன்று திங்கட்கிழமை.

மறுநாள் அவர் வந்தபோது பின்னால் ஒரு ஆட்டோவும் வந்தது. அதில் ஐந்து கிலோ கறி, ஒரு சாக்கு வெங்காயம், படகுத் துடுப்பு அளவில் ஒரு மரக்கரண்டி.

இசபெல் கறியில் எலும்போடு சேர்ந்த ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். கறியில் எலும்போடு சேர்ந்த ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். பிறகு ஒரு சின்னப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள்.

மாஸ்டர் அதைப் பார்த்தார். "இதுல நான் டீ கூடப் போட்டதில்ல."

அவள் கறியை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

அவள் ஒரே ஒரு முறை செய்து காட்டினாள். கறியைத் துண்டாக்கி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெயில் நான்கு பக்கமும் சிவக்க விட்டாள். எடுத்து வைத்தாள். அதே எண்ணெயில் வெங்காயம், காரட், செலரி.

"இது என்ன, கொத்தமல்லிக்கு அண்ணனா?"

"செலரி."

பூண்டு, தக்காளி, மிளகு. கறி திரும்ப உள்ளே போனது. எலும்பும் போனது. தண்ணீர். ஊறவைத்த பட்டர் பீன்ஸ். தீயைக் குறைத்து, மூன்று மணி நேரம். கடைசியில் பாஸ்தா. சுண்டுவிரல் நுனி அளவுக் குழாய்கள்.

"பட்டை கிராம்பு?" என்றார் மாஸ்டர். தன் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தையும் எடுத்தார்.

அவள் பொட்டலத்தை வாங்கி, அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். எட்டிப் பார்க்கவேண்டிய உயரம்.

"நாளைக்கு இங்கயே நீங்க வைங்க. நான் ஒரு மணிக்குச் சாப்பிட வாரேன்."

புதன்கிழமை. மாஸ்டர் விடியுமுன்னே வந்து இசபெல் வீட்டு அடுப்பைப் பற்றவைத்தார். பழக்கம். அசனத்துக்குச் சமையல் எல்லாம் பத்து மணிக்கு முடிந்துவிடவேண்டும். அண்டாவை மூடி, மூடிக்கு மேல் கல்லை வைத்துவிட வேண்டும். பூசை முடிந்து பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்த பிறகுதான் மூடியைத் திறப்பது. அது ஒரு மணியும் ஆகும், மூன்று மணியும் ஆகும். சோறும் குழம்பும் காத்திருக்கும். காத்திருக்கக் காத்திருக்க ருசியும் கூடும்.

அப்படித்தான் இதையும் செய்தார். பத்து மணிக்குப் பாஸ்தாவையும் போட்டு இறக்கி, மூடி, மேலே அம்மிக் குழவியை வைத்தார். திருப்தியாக உட்கார்ந்தார்.

ஒரு மணிக்கு இசபெல் வந்து மூடியைத் திறந்தாள். சூப்பு இல்லை. சுண்டுவிரல் குழாய்கள் பெருவிரலாக ஊதிக் கிடந்தன. அவள் கரண்டியைச் செருகினாள். செங்குத்தாக நின்றது.

"எவன் குடிச்சான் தண்ணியை?" என்றார் மாஸ்டர்.

அவள் கிண்ணத்தில் அதை வெட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முழுவதையும் சாப்பிட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாஸ்டரால் இரண்டு வாய்க்கு மேல் முடியவில்லை.

"பத்து மணிக்கே வந்திருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்கும்!"

"ஒரு மணிக்கு வாரேன்னுதான சொன்னேன்."

வியாழக்கிழமை பாஸ்தாவைப் பாதியாகக் குறைத்தார். பாதிச் சூப்பு காணாமல் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை அவருக்குள் இருந்த முப்பத்திரண்டு வருடம் விழித்துக்கொண்டது. பாஸ்தாவைத் தனியாக வேகவைத்து, வடித்து, எண்ணெய் புரட்டித் தட்டில் பரப்பினார். ஒட்டாது. ஊதாது. ஐயாயிரம் பேருக்கும் தாங்கும். ஒரு மணிக்குக் கிண்ணத்தில் ஒரு பிடி போட்டு, மேலே கொதிக்கிற சூப்பை ஊற்றி, அவள் முன்னால் வைத்தார். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

அவள் ஒரு கரண்டி சாப்பிட்டாள்.

"எப்படி?"

"பஸ்ஸில பக்கத்து சீட்டுல உக்காந்திருக்காங்க."

"யாரு?"

"சூப்பும் பாஸ்தாவும். ரெண்டுக்கும் பேச்சு வார்த்தை இல்ல."

மாஸ்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். கோபம் வந்தால் அப்படிச் செய்வார்.

"முன்னால போட்டா ஊதுது. தனியா வெந்தா ஒட்டல. பின்ன எப்பத்தான் போடச் சொல்லுதீங்க?"

அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை. கடைசி நாள். மாஸ்டர் சூப்பைச் சமைத்து முடித்தார். கறி கரண்டி பட்டால் உடைந்தது. மணம் தெருவரைக்கும் போனது. பாஸ்தாவை ஒரு டம்ளரில் அளந்து கையில் வைத்துக்கொண்டார். போடவில்லை. போடாமலும் இருக்க முடியவில்லை.

ஒரு மணி ஆயிற்று. இசபெல் வரவில்லை. அடுத்த அறையில் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

ஒன்றரை. மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"டீச்சர்! பசிக்கி!"

மிஷின்.

இரண்டு மணிக்கு மிஷின் நின்றது. அவள் வந்து மேஜை முன்னால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவரைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள்.

மாஸ்டர் டம்ளரை அப்படியே பாத்திரத்தில் கவிழ்த்தார்.

"ஒன்பது நிமிசம்," என்றாள் அவள்.

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்யாண்டாம்."

"ஒன்பது நிமிசமா? எனக்குச் சும்மா நிக்கத் தெரியாது டீச்சர். ஒரு அண்டா வேகும்போது அடுத்த அண்டாவுக்குப் போயிருவேன்."

"இங்க அடுத்த அண்டா இல்ல. உக்காருங்க. பேசுங்க."

மாஸ்டர் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். உடைமர விறகைப் பற்றிப் பேசினார். பச்சை விறகு எவ்வளவு புகையும், காய்ந்த விறகு எவ்வளவு நேரம் நின்று எரியும். நான்கு நிமிடத்தில் விறகு தீர்ந்துவிட்டது. மீதி ஐந்து நிமிடம் மேஜையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

கிண்ணத்தில் ஊற்றினார். இருவரும் சாப்பிட்டார்கள். பாஸ்தா பல்லில் கொஞ்சம் நின்று பிறகு விட்டுக்கொடுத்தது. அதற்குள் கறிச்சாறு இருந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சூப்பு சரி," என்றாள் இசபெல். "பேச்சு சரியில்ல."

அவர் கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"ஒரு மணின்னு சொல்லியிருக்கான். வராமப் போயிட்டான்னா?"

இந்த ஒரு கேள்விக்கு அவள் எழுந்து போகவில்லை.

"ஜெனோவாவில எங்க வீட்டுப் பாட்டியம்மாவுக்கு ஒரு மகன். ஞாயித்துக்கிழமை வாரேம்மான்னு போன் பண்ணுவான். சூப்பு அடுப்பில கொதிச்சிட்டு இருக்கும். பாட்டி பாஸ்தா டப்பாவைத் திறக்க விடமாட்டா. மாடிப்படியில அவன் செருப்புச் சத்தம் கேக்கணும், அப்பத்தான் போடணும். பாதி ஞாயித்துக்கிழமை வரமாட்டான்."

"அப்ப?"

"அப்ப பாஸ்தா டப்பாவுக்குள்ளயே இருக்கும். அது கெட்டுப்போகாது."

ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து மாஸ்டர் அடுப்படியில் நுழைந்தார். ரெஜினாள் கதவு நிலையில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் இந்த அடுப்படிக்குள் அவர் தண்ணீர் குடிக்கத்தான் வந்திருக்கிறார்.

"ஐயாயிரம் பேருக்குப் போட்ட கையி. நாலு பேருன்னதும் நடுங்குது பாரு."

"வாயை மூடிட்டு அந்தப் பூண்டை உரி."

"உரிச்சு ஒரு மணி நேரமாச்சு. கண்ணும் போயிட்டா?"

பன்னிரண்டரைக்குச் சூப்பு முடிந்தது. தீயைக் குறைத்துச் சிம்மில் விட்டார். டம்ளரில் பாஸ்தாவை அளந்தார். தெருவாசலில் நாற்காலியைப் போட்டு, டம்ளரோடு உட்கார்ந்தார்.

ஒரு மணி. யாரும் வரவில்லை.

ஒன்றே கால்.

"போட்டு இறக்கி வைங்க," என்றாள் ரெஜினாள். "புள்ள பசியோட வருவான். வந்த உடனே ஊத்திக் குடுத்துரலாம்."

"போடக் கூடாது."

"அந்த டீச்சர் என்ன வசியம் வச்சாளோ."

ஒன்றரைக்குத் தெருவில் பைக் சத்தம் கேட்டது. மாஸ்டர் எழுந்துவிட்டார். வந்தது மகன் இல்லை. கோயில் கமிட்டிச் செயலாளர் அந்திரையா. சட்டையெல்லாம் வியர்வை.

"மாஸ்டர், மானத்தைக் காப்பாத்துங்க. கோயில் மண்டபத்துல, பூசையில பிள்ளைக முதல் நன்மை வாங்குன விருந்து. அறுநூறு பேரு. புதுப் பையன் வச்ச குழம்பு அடிப்பிடிச்சுப் போச்சு. சாமியார் சாப்பிடக் கையைக் கழுவிட்டு உக்காந்துட்டார். பத்தே நிமிசம். வண்டியில ஏறுங்க."

மாஸ்டரின் வலது கால் தானாகவே வாசற்படியை விட்டு இறங்கியது. அடிப்பிடித்த குழம்பு. அறுநூறு பேர். கோயில் மண்டபம் நடந்து போனாலே ஆறு நிமிடம். அவர் பைக்கைப் பார்த்தார். தெருமுனையைப் பார்த்தார். தெரு காலியாக இருந்தது.

ரெஜினாள் அவர் இறங்கின காலைப் பார்த்தாள். உள்ளே திரும்பிப் போனாள். ஆறு வருடத்துக்கு முன்பும் அப்படித்தான் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

மாஸ்டர் காலை மேலே எடுத்து வைத்தார்.

"கிளறிட்டானா?"

"என்னது?"

"அடிப்பிடிச்ச பொறவு கரண்டியை விட்டுக் கிளறிட்டானான்னு கேக்கேன்."

"இல்ல மாஸ்டர். பயந்துபோய் நிக்கான்."

"நல்ல பயம். மேல இருக்கறதை மட்டும் வேற அண்டாவுக்கு மோந்து மாத்தச் சொல்லு. அடியைத் தொட்டான்னா கையை முறிச்சிருவேன்னு சொல்லு. உருளைக்கிழங்கைப் பெருசு பெருசா வெட்டிப் போட்டு, தேங்காப்பால் ஊத்தி, ஒரு கொதி. போ."

"நீங்க வாங்க மாஸ்டர், பத்து நிமிசம்…"

"மகன் வாரான்."

அந்திரையா தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "எங்க வாரான்?"

"வருவான். நீ கிளம்பு வே. தேங்கா உடைக்க ஆள் வேணும்லா."

பைக் போனது. மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.  டம்ளருக்குள் பாஸ்தா கலகலவென்று சத்தம் போட்டது.

இரண்டே கால் ஆனபோது தெருமுனையில் இரண்டு பேர் திரும்பினார்கள். ஒருத்தி வெள்ளைக்காரி, தலையில் பனையோலைத் தொப்பி. இன்னொருவன் கொஞ்சம் தடித்திருந்தான். நடை மட்டும் மாறவில்லை. இவருடைய நடை அது.

"ரெஜினா!" என்று கத்தினார் மாஸ்டர். வேறு வார்த்தை வரவில்லை.

அம்மாவும் மகனும் கட்டிக்கொண்டு அழுததை எழுத வேண்டியதில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அது முடிகிறவரை மாஸ்டர் டம்ளரோடு நின்றார். இன்னாசி அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆட்டுகிற மாதிரி.

"நேரம் பிந்திட்டு," என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

மருமகள் கியாரா முன்னால் வந்தாள். மூன்று விரலைக் காட்டினாள்.

"மூணு," என்றாள் தமிழில். "தெரு வரை வந்து… திரும்பி. வந்து… திரும்பி. மூணு தடவை. இவன்." கணவனை விரலால் சுட்டிக் காட்டினாள்.

"உன்னை யாரு கேட்டா?" என்றான் இன்னாசி.

மாஸ்டர் யாரையும் பார்க்காமல் அடுப்படிக்குப் போனார். எல்லாரும் பின்னால் வந்தார்கள். சாப்பாட்டு மேஜை அங்கேதான். மூன்று நாற்காலி நிறைந்தபிறகு, நான்காவதில் தானும் உட்காரப் போய், எழுந்து, டம்ளரைப் பாத்திரத்தில் கவிழ்த்தார்.

"ஒன்பது நிமிசம்," என்றார்.

"எதுக்கு?" என்றான் மகன். ஆறு வருடத்தில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி.

"வேகணும்."

"இவ்வளவு நேரமா என்ன செஞ்சீங்க? போட்டிருக்கலாம்லா."

"போடக் கூடாது. ஊதிரும்."

கியாரா சட்டென்று தலையைத் தூக்கி மாமனாரைப் பார்த்தாள். வேகமாகத் தலையாட்டினாள்.

மாஸ்டர் உட்கார்ந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் மகன். அடுத்த அண்டா இல்லை. முதல் நிமிடம் போனது. இரண்டாவதும் போனது. விறகைப் பற்றிப் பேச வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

"அந்திரையா அண்ணன் பைக்கில போனாரு," என்றான் இன்னாசி. "எங்களைப் பாக்கல. இங்கயா வந்தாரு?"

"ஆமா."

"என்னவாம்?"

"மண்டபத்துல குழம்பு அடிப்பிடிச்சிட்டாம்."

"எத்தனை பேருக்கு?"

"அறுநூறு."

இன்னாசி மேஜையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். "நீங்க போகல?"

"நீ இன்னும் வரலியேல."

 ரெஜினாள் முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். அது ஒரு நிமிடம் ஆனது.

"அன்னைக்கும் வந்திருக்கணும்," என்றார் மாஸ்டர். "கல்யாணத்துக்கு."

"வந்திருக்கணும்தான்," என்றான் மகன்.

"வராம விட்டது எந் தப்பு."

இன்னாசி நிமிரவில்லை. சுரண்டிக்கொண்டே இருந்தான். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"எத்தனை நிமிசம் ஆச்சு? ஒன்பதாச்சா?"

"ஏழு."

"அப்ப இன்னும் ரெண்டு இருக்கு."

"இருக்கு."

"இருக்கட்டும்," என்றான் மகன்.

மாஸ்டர் கிண்ணங்களில் ஊற்றினார். ஆவி எழுந்தது. இன்னாசி ஒரு கரண்டி எடுத்து ஊதி வாயில் வைத்தான். மெல்லுவதை நிறுத்தினான். மனைவியைப் பார்த்தான். அவளும் வாயில் கரண்டியோடு அவனைப் பார்த்தாள். பிறகு இத்தாலிய மொழியில் வேகமாக, கையையெல்லாம் ஆட்டி, நீளமாகச் சொன்னாள்.

"என்ன சொல்லுதா?" என்றார் மாஸ்டர்.

இன்னாசி முகத்தைக் கடினமாக வைத்துக்கொண்டான். "அவங்க அம்மா வைக்கறதுல கால்வாசி கூட இல்லையாம். தமிழன் எதுக்கு இந்த வேலைக்குப் போகணும்னு கேக்கா."

மாஸ்டரின் கை கரண்டியோடு அப்படியே நின்றது.

கியாரா கணவனின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "பொய்! பொய்!" இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாள். "என் அம்மா மாதிரி! அதே! அதே!"

இன்னாசி சிரித்துவிட்டான். சூப்பு புரையேறியது. ரெஜினாள் எழுந்து அவன் உச்சந்தலையில் தட்டினாள். அவன் இருமிக்கொண்டே கிண்ணத்தை அப்பாவிடம் நீட்டினான்.

"இன்னொரு கரண்டி ஊத்துங்கப்பா."

மாஸ்டர் ஊற்றினார். கை நடுங்கவில்லை.

இரண்டாவது கிண்ணத்துக்கு இன்னாசி பேச்சில்லாமல் உழைத்தான். மூன்றாவதைக் கியாராவோடு சண்டை போட்டுப் பங்கு வைத்தான். கடைசியில் பாத்திரத்தையே தன் பக்கம் இழுத்து, ரொட்டியைப் பிய்த்து அடியைத் துடைத்தான். எலும்பைத் தட்டி உள்ளே இருந்ததை உறிஞ்சினான்.

அசனத்தில் கடைசி அண்டா காலியானால் மாஸ்டர் கரண்டியால் அதன் விளிம்பில் மூன்று தட்டுத் தட்டுவார். ஊருக்கே கேட்கும். கூட்டம் கைதட்டும். அவர் மகனிடமிருந்து அந்தச் சின்னப் பாத்திரத்தைப் பிடுங்கினார். தலைகீழாகத் தூக்கிப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. தட்டினார். மூன்று அல்ல, பத்துப் பன்னிரண்டு தட்டு. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன கஸ்பாரண்ணே, வீட்டுக்குள்ளயா அசனம்?" என்றாள்.

"ஆமா! முடிஞ்சு போச்சு! உனக்கு இல்ல!"

நான்கு மணி ஆனது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மாஸ்டர் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காதவர் மாதிரி இருந்தார். நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு இன்னாசி கையை மேலே தூக்கிச் சோம்பல் முறித்தான்.

"அம்மா, கண்ணைச் சொருகுது. பாயி எங்க?"

கூடத்தில் விரித்தார்கள். விழுந்த வேகத்தில் குறட்டை விட்டான். கியாரா ஓட்டலுக்குப் போன் செய்து அறை வேண்டாம் என்று சொன்னாள். பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். பிறகு ரெஜினாளோடு உட்கார்ந்து பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

மாஸ்டர் செருப்புக்கூடப் போடாமல் வெயிலில் ஓடினார். ஆமாம், ஓடினார். அறுபத்தாறு வயதில்.

இசபெல் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்! ஜெயிச்சாச்சு!"

அவள் ஒரு சட்டையை மடித்து வைத்தாள்.

"இன்னொரு கரண்டி கேட்டான்! அப்பான்னு கூப்பிட்டுக் கேட்டான்! மூணு கிண்ணம் டீச்சர், மூணு. எலும்பை விடல. மருமக அவ அம்மா கைன்னு சொல்லிட்டா. ஓட்டல் ரூம் கேன்சல்! கமிட்டிக்காரன் வந்தான், அறுநூறு பேருன்னான், போடான்னுட்டேன். நாலு மணியும் ஆச்சு. எந்திரிக்கல!"

"இப்ப எங்க?"

"வீட்டில. கூடத்தில பாயைப் போட்டுத் தூங்குதான். சின்னதுல தூங்குவானே, ஒரு காலை மடக்கிட்டு, அப்படியே." மாஸ்டர் மூச்சு வாங்கினார். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த மாணவன்போல் அவள் முன்னால் நேராக நின்றார். "அடுத்தது சொல்லுங்க டீச்சர். நாளைக்கு என்ன வைக்கட்டும்?"

இசபெல் மடித்த துணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவைப் பாதி சாத்தினாள்.

"முழிச்சதும் அவன்கிட்ட கேளுங்க மாஸ்டர். அவன் அங்க இருக்கான். நீங்க இங்க எதுக்கு நிக்கீங்க?"